ஓரத்துக்கு என்ன அவசரம்?

வாப்பு, உக்காரு. நின்னுக்கிட்டுக் கேக்குறவனுக்கு நான் ஒண்ணும் சொல்றதில்ல. பாதியிலயே கெளம்பிருவான்.

கையில என்ன, துணியில சுத்தி? தட்டா? அவுரு பார்ப்போம். ஆத்தி, என்னா அழகு! வெத்தலையைப் பதிச்சு நரம்பு நரம்பா எடுத்திருக்க. இந்தா, ஓரத்துலருந்து நடுவுக்கு ஓடுதே ஒரு நரம்பு, இது வெத்தலையோடதா, இல்ல நீயாப் போட்டதா?

மூஞ்சி தொங்கிப்போச்சே. விடு. இந்த மாசத்துல நீ மூணாவது ஆளு. மூணு பேரும் தூக்கிட்டு வந்தது தட்டைதேன். மூணுலயும் விரிசல்தேன். ஒருத்தன்கூட விரிஞ்ச பானைய எடுத்துட்டு வரல, கவனிச்சியா?

மொத ஆளு சின்னமனூர்ப் பக்கத்துப் பய. அப்பன் வாழை போட்டு, திராட்சை போட்டு, பந்தல் கால் மாத்தியே முதுகு வளைஞ்சவரு. பய பெங்களூருல கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டு இருந்தான். திடீர்னு ஒருநா மண்ணு கூப்பிட்டுச்சாம். என்னைய எம்பது வருசத்துல அது ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல. நானாப் போய் மிதிச்சதுதேன்.

வந்தவன் வெறுங்கையோடவா வந்தான்? கரண்டுச் சூளை ஒண்ணு எறக்குனான். இரும்பு அலமாரி மாதிரி இருக்கு. வெலையச் சொன்னான், வாயில இருந்த வெத்தலைய அப்படியே முழுங்கிட்டேன். சூளைக்கு ஒரு மீட்டரு. மீட்டருக்கு ஒரு செல்போன் செயலி. மண்ணு? அது பாக்கெட்டுல வந்துச்சு. ஏண்டா, வீரபாண்டிக்கும் கம்பத்துக்கும் நடுவுல எத்தனை கம்மா கெடக்கு? கம்மா வண்டலும் களிமண்ணும் வெவசாயிக்கும் மண்பாண்டக்காரனுக்கும் காசில்லாமலே, தாசில்தார் அனுமதி இருந்தாப் போதும்னு 2024லயே சர்க்காரு சொல்லிருச்சேன்னேன். பய சிரிக்கிறான். பாக்கெட்டு மேல எழுதியிருக்கிறதப் படிக்கத் தெரிஞ்சவனுக்குக் கம்மா எதுக்கு?

தொறப்பு விழா வச்சான். 12 தட்டு. பிட்சா வைக்கிற தட்டாம், கேக்கு வைக்கிற தட்டாம், சுவத்துல மாட்டுற தட்டாம். சோறு திங்கிற தட்டு மட்டும் இல்ல. சூளையத் தொறந்தா 9 விரிசல்.

காரணம் கேளு. கரண்டு ஏறி எறங்குதாம். மண்ணு சரியில்லையாம். அவங்கப்பன், கண்ணு பட்டிருக்கும், கௌமாரியம்மனுக்கு நேந்துக்கோங்குறாரு. நான் ஒண்ணே ஒண்ணுதேன் கேட்டேன். காயுறதுக்கு எத்தனை நா விட்டப்பு? "ஃபேன் போட்டேன் தாத்தா. ஒரே ராத்திரில காஞ்சிருச்சு." பெருமையாச் சொல்றான்.

இப்ப நீ சொல்லு. பானை தாங்குது, தட்டு விரியுது. ஏன்? யோசிக்கிறியா, கூகுள்ல தேடுறியா? போனைக் கீழ வை.

பானைக்கு ஓரம்னு பார்த்தா வாய் மட்டுந்தேன். மத்ததெல்லாம் வளைவு. இழுப்பு வந்தா வளைவு லேசா நெளிஞ்சு குடுத்துரும். தட்டுக்கு அப்படியா? சுத்திச்சுத்தி ஓரம். ஓரத்துக்கு மேலயும் காத்து, கீழயும் காத்து, பக்கத்துலயும் காத்து. நடுவுக்கு மேல் பக்கம் மட்டுந்தேன். அதனால ஓரம் வெள்ளனக் காயும். வெள்ளனச் சூடாகும். வெள்ளன ஆறும். நடு எல்லாத்துலயும் பின்னாடிதேன் வரும். மாப்பிள்ளை வீட்டுக்காரக முந்தி வந்து பந்தியில உக்காந்துட்டாக; பொண்ணு வீட்டுல இன்னும் உலையே வைக்கல. சண்டை வருமா வராதா? அந்தச் சண்டைதேன் விரிசல்.

பெசைஞ்ச மண்ணு ஒரு கிலோவுல கால் கிலோவுக்குக் கிட்ட தண்ணி இருக்கு. களிமண்ணுத் துகள் உருண்டை இல்லப்பு, தட்டைச் சில்லு. அப்பளக்கட்டு மாதிரி அடுக்கி, ஒவ்வொரு அப்பளத்துக்கும் நடுவுல தண்ணி. தண்ணி போகப்போக அப்பளம் நெருங்கும். ஒரு அடித் தட்டு காஞ்சு முடிக்கிறதுக்குள்ள முக்கால் அங்குலம்கூடச் சுருங்கும். ஓரம் அந்த முக்கால் அங்குலத்தக் கேக்குது. ஈரமா இருக்குற நடு, "எனக்கு இன்னும் நேரமாகும்"ங்குது. ஓரம் கிழியுது. அதோட விட்டுச்சா? ஓரம் காஞ்சு கட்டியாகிப்போன பொறவு நடுவுக்கு முறை வருது. அது சுருங்கப் பாக்குது. ஓரம் இப்ப விறைச்சுக்கிட்டு நிக்குது, ஒரு நூல் அசையாது. அப்ப நடுவயித்துலயே பிளக்கும்.

எங்க முப்பாட்டன்மாரு இதுல கெட்டிக்காரக. தட்டையா எதையும் செய்யாமத் தப்பிச்சுக்கிட்டாக. நாட்டு ஓடு பார்த்திருக்கியா? எப்புடிச் செய்வோம், தெரியுமா? ஓடா வார்க்குறதே இல்ல. சக்கரத்துல குழாய் மாதிரி வனைவோம். பச்சையிலயே ரெண்டு பக்கமும் நெடுக்க ஒரு கீறல். காஞ்சபொறவு லேசாத் தட்டுனா ரெண்டு ஓடாப் பிரியும். ஒடையப் போற எடத்தை நாமளே சொல்லிட்டோம்ல? வேற எடத்துல அது ஏன் ஒடையப்போகுது?

தீச்சட்டியப் பாரு. சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் எடுத்துக்கிட்டு சனம் போகுதே. சட்டிக்குள்ள தீ எரியுது. மேல வெயிலு. கீழ வேப்பிலை, மனுசன் கை. சட்டி தாங்குது. அடி உருண்டையா இருக்குறதால தாங்குது. அதையே உன்னைய மாதிரி ஒருத்தன் புதுமைன்னு தட்டை அடியா, மூலை மடக்கிச் செஞ்சா, கோயில் போறதுக்குள்ள மூலையில பிளந்துரும். ஆப்பச்சட்டியும் குழி. சீமை ஓடுகூட நெசத்துல தட்டை இல்லப்பு. 1865ல மங்களூருல பாசல் மிசன் பாதிரிமாரு ஓட்டுப் பட்டறை போட்டாக. அவுக ஓட்டைத் தடவிப் பாரு. வரம்பு, பள்ளம், வரம்பு. தண்ணி ஓடுறதுக்குத்தேன் அது, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிறதுக்குத்தேன். ஆனா ஓடு கோணாம நிக்குறதுக்கும் அந்த வரம்பே முதுகெலும்பு. நம்ம வருசநாட்டு மலையில பொறக்குற வைகை அங்கிட்டு ஓடுதே, அந்தக் கரையில கீழடில தோண்டுனப்பவும் கூரை ஓடு கெடைச்சுச்சு. விரலால இழுத்த வரி அதுல அப்படியே இருக்காம். பார்த்துட்டு வா. மியூசியமே கட்டி வச்சிருக்காக.

அப்ப தட்டையாச் செய்யவே கூடாதான்னு கேக்குற. செய்யலாம். நானும் செஞ்சிருக்கேன். தட்டோடு. மொட்டை மாடியில சுண்ணாம்புச் சல்லி கொட்டி அது மேல பாவுவாகளே, அந்தச் செவப்பு ஓடு. அதுல நான் பட்ட அவமானத்தையும் கேட்டுட்டுப் போ. எல்லாத்தையும் பொறக்கும்போதே தெரிஞ்ச மாதிரி நான் பேசுறேன்னு நெனச்சிராத.

எனக்கு அப்ப இருவது வயசு. போடியில ஒரு மாடி வீட்டுக்கு 500 தட்டோடு கேட்டாக. அய்யா வெளியூரு போயிருந்தாரு. நாந்தேன் மேஸ்திரி. பவுசு தாங்கல. மாசம் ஆடி. நம்ம பள்ளத்தாக்குல ஆடின்னா என்னன்னு ஒனக்குத் தெரியும்ல? மலைக் கணவாய் வழியா எறங்குற காத்து. ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடி கம்பம் கம்பமா நிக்குதே, சும்மாவா நட்டு வச்சிருக்கான்? சீக்கிரம் காயட்டும்னு 500 ஓட்டையும் களத்துல பரப்பிட்டு, நான் உத்தமபாளையத்துக்குப் படம் பார்க்கப் போயிட்டேன். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாக. அம்மி பறந்து நான் பார்த்ததில்ல. அன்னைக்கு 500 ஓடும் நாலு மூலையும் தூக்கிக்கிட்டு, பொரிச்ச அப்பளமாட்டம் களத்துல உக்காந்திருந்தத பார்த்தேன்.

அய்யா வந்தாரு. பார்த்தாரு. ஒரு வார்த்தை திட்டல. எல்லாத்தையும் அள்ளித் தொட்டியில போட்டுத் தண்ணி ஊத்தச் சொன்னாரு. சுடாத மண்ணு ஊறுனா திரும்ப மண்ணுதேன். மறுநாளு மிதிக்க விட்டாரு. 500 ஓட்டு மண்ணையும் தனியா மிதிச்சேன். படம் என்ன படம்னு இப்ப ஞாபகம் இல்ல. கெண்டைக்கால் வலி நல்லா ஞாபகம் இருக்கு.

அந்தப் பய ஃபேன் போட்டான். நான் சாமி போட்ட ஃபேன்ல காய வச்சேன். அம்புட்டுதேன் வித்தியாசம்.

ரெண்டாவது தடவை எப்புடிக் காஞ்சது? கூரைக்கு அடியில, காத்துப் படாத மூலையில. ஓட்டுக்கு அடியில சாம்பல் தூவி, மேல பலகை. ஓரத்தைச் சுத்தி ஈரச் சாக்கு. நித்தம் ஒரு தடவை திருப்பிப் போடணும். பத்து நா ஆச்சு. நீ சாக்குக்கு எங்க போவ? பிளாஸ்டிக் தாளு வீடு பூரா கெடக்கும்ல. அதை நீளமாக் கிழிச்சு ஓரத்தை மட்டும் மூடு. நடுவத் தொறந்து விடு. சனம் முழுசா மூடும், இல்லாட்டி முழுசாத் தொறக்கும். ஓரத்தை மட்டும் மூடுற கூறு எவனுக்கும் வரமாட்டேங்குது. சிமிண்டுத் தரையில நேரா வைக்காத, ஒட்டிக்கிட்டு விடாது. நாலு மடிப்புப் பேப்பர் போட்டு வையி. அரசியல் பக்கம்னா இன்னும் நல்லது, ஈரத்தை நல்லா உறிஞ்சும்.

காஞ்சிருச்சான்னு எப்புடித் தெரியும்? அதுக்கும் மீட்டர் வாங்கிறாத. தட்டை எடுத்துக் கன்னத்துல ஒட்டிப் பாரு. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் ஈரம். கன்னத்துக்குக் கரண்டு வேணாம்.

இன்னொண்ணு. பூரிக்கட்டையால மண்ணைத் தேய்க்கிறப்ப ஒரே பக்கமா இழுக்குறியா? அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி, ரெண்டு முகத்தையும் தேய்க்கணும். எங்களுக்கு மரத்தட்டி, ரெண்டு பக்கமும் அடி விழும். அடி வாங்காத எடம் பின்னாடி வாய் தொறக்கும். தேய்ச்ச மண்ணை ஒத்த மூலையப் புடிச்சுத் தூக்காத. துணியோட, பலகையோட தூக்கு. மண்ணு பங்காளி மாதிரி. வளைச்சப்ப ஒண்ணும் சொல்லாது. நேராக்கி வச்சா பேசாம இருக்கும். சூளைக்குள்ள போய், சூடு ஏறுனபொறவு, வளைஞ்சு காட்டும்.

மண்ணுலயே ஒரு சேதி இருக்கு. அந்தப் பய சொல்றான், "தாத்தா, க்ராக் வராம இருக்க மண்ணுல க்ராக் போடணும்." எனக்குத் தலை சுத்திப்போச்சு. வெளக்கெண்ணெய்க்கு வெளக்கம் கேட்ட மாதிரி அரை மணி நேரம் கேட்டு, கடைசில பார்த்தா அவன் சொல்றது சுட்ட ஓட்டுப் பொடி. வெள்ளைக்காரன் அதுக்கு வச்ச பேரு க்ராக்காம். அதையும் கிலோ இம்புட்டுன்னு தூத்துக்குடிக்கோ எங்கிட்டோ கப்பல்ல வர வச்சிருக்கான்.

ஏலே, நீ எந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த? பெரியாத்துத் தண்ணி. பென்னிகுவிக் துரை 1895ல முடிச்ச அணைய எதை வச்சுக் கட்டுனாரு? கல்லு, சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கின்னா என்ன? சுட்ட செங்கலை இடிச்ச பொடி. அம்புட்டுதேன். ஜனவரி 15 வந்தா அவருக்குப் பொங்க வைக்கிற ஊருக்காரன், செங்கப்பொடிக்குக் கப்பலைப் பார்த்துக்கிட்டு நிக்கலாமா? வீட்டுக்குப் பின்னாடி ஒடைஞ்ச ஓடு கெடக்கும். இடி. ரவை சலிக்கிற சல்லடையில சலி. பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு, ரெண்டு பங்குகூடப் போடலாம். அந்தப் பொடி ஏற்கனவே சூளைக்குள்ள போய் வந்தது. சுருங்க வேண்டியதச் சுருங்கி முடிச்சிருச்சு. புது மண்ணு துள்ளுறப்ப நடுவுல பெரிய மனுசன் மாதிரி நின்னு, "மெதுவாடா"ங்கும். ஆவி வெளிய போறதுக்கும் வழி விடும். வழுவழுன்னு வேணும்னு மொதத் தடவை பய அதைப் போடல. வழுவழுப்பா விரிஞ்சுச்சு.

ஆத்து மணலும் போடலாம்தேன். ஆனா மணல்ல ஒரு குறும்பு இருக்கு. அதைத் தீயில சொல்றேன்.

தீன்னதும் ஒனக்குப் பெருசா எரியணும். அதானே? எங்க சூளையில மொத வேலை எரிக்கிறதே இல்ல, புகை போடுறது. பானைய அடுக்கி, வறட்டி வச்சு, வைக்கோல் மூடி, மேல சேறு பூசுவோம். இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம். வைக்கோலுக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் அடியில கொஞ்சமாத்தேன் தீ. ராத்திரி பூரா புகையும். கன்னத்துல ஒட்டிப் பார்த்துச் சில்லுன்னு இல்லாத மண்ணுலயும் ஒளிஞ்சுக்கிட்டு ஈரம் இருக்கும். 100 டிகிரி தாண்டுச்சுன்னா ஒரு படித் தண்ணி 1,600 படி ஆவியாகும். வழி இல்லாட்டி தட்டுப் பட்டுன்னு வெடிக்கும். தீவாளி சத்தம். நீயும் வச்சிருக்கியே கரண்டுச் சூளை, அதுல 90 டிகிரியில அஞ்சாறு மணி நேரம் மூடியை லேசாத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரு. ஒரு கண்ணாடிச் சில்லை ஓட்டைக்கிட்டப் புடி. வேத்துச்சுன்னா இன்னும் தண்ணி போகுது.

அதுக்குப் பொறவும் தண்ணி இருக்குன்னா நம்புவியா? நீ ஊத்துன தண்ணி இல்ல. மண்ணோட மண்ணாப் பொறந்த தண்ணி. அது 450லருந்து 600 டிகிரிக்குள்ள போகும். அங்கதேன் மணலோட குறும்பும். 573 டிகிரியில மணல் துகள் ஒவ்வொண்ணும் திடீர்னு ஊதும். நூத்துல அரைப் பங்குகூட இருக்காது நீளத்துல. ஆனா திடீர்னு. எங்க அய்யாவுக்கு 573ன்னு சொல்லத் தெரியாது. சூளை ஓட்டை வழியாப் பார்த்து, இருட்டுல மங்கலாச் செவப்புத் தட்டுறதுக்குச் சித்த முந்தி, "இப்ப வெறகை நிறுத்து"ம்பாரு. ஏன்னு கேட்டா, "கேட்டா வெந்துருமா?"ம்பாரு. எனக்கு எம்பது வயசாச்சு அதுக்குப் பேரு தெரிய. சொன்னவன் அந்தச் சின்னமனூர்ப் பயதேன். படிச்சவன் சொன்னா ஒத்துக்கிறணும்ல.

ஏறுறப்ப ஓரம் மொத 573 தாண்டும். ஊதும். நடு இன்னும் தாண்டல. எறங்குறப்ப ஓரம் மொதச் சுருங்கும். நடு ஊதுனபடி இருக்கும். எறக்கந்தேன் ஆபத்து. அப்ப மண்ணு சுட்டு விறைச்சிருக்கு, நெளிஞ்சு குடுக்காது.

பய ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்விதேன். "குசராத்துல மோர்பியில ரெண்டடிக்கு ரெண்டடி டைல்ஸை ஒரு மணி நேரத்துக்குள்ள சுட்டு எடுக்குறானே தாத்தா?" எடுக்குறான்தேன். ஏன் முடியுது? அவன் பெசைஞ்ச மண்ணையா உருட்டுறான்? கிட்டத்தட்டக் காஞ்ச பொடி. நூத்துக்கு ஆறு பங்கு ஈரம் இருந்தாப் பெருசு. அதை எந்திரத்துல போட்டு அமுக்குறான். போறதுக்குத் தண்ணி இருந்தாத்தானே சண்டை வரும்? பொறவு டைல்ஸ் உருளைக் கம்பி மேல ஓடுது. மேலயும் தீ, கீழயும் தீ. நடுவுக்கும் ஓரத்துக்கும் ஒரே பந்தி. அம்புட்டுக் கோடி போட்டவனும் ஆறுறப்ப அந்த 573 வர்ற எடத்துல மெதுவா விடுறான். நீ அவன் வேகத்தை மட்டும் எடுத்துக்கிட்ட. மத்ததை மோர்பியிலயே விட்டுட்டு வந்துட்டன்னேன்.

கம்பி மேல ஓடுறதுன்னதும் ஞாபகம் வந்துச்சு. உன் தட்டு சூளைக்குள்ள எது மேல உக்காந்துச்சு? கல்லுப் பலகை மேல, அப்படியே மல்லாக்க. சூட்டுல தட்டு இன்னும் கொஞ்சம் சுருங்கும். சுருங்கணும்னா நகரணும். நெல்லு மூடையத் தரையோட இழுத்திருக்கியா? அடியில சாக்கு கிழியும். ரெண்டு உருட்டுக் கட்டை போட்டா வழுக்கிக்கிட்டு வரும். தட்டுக்கு அடியில சுட்ட பொடியத் தூவு, சன்னமா. அதுதேன் உருட்டுக் கட்டை. இன்னொரு வம்பு அந்தப் பலகையில இருக்கு. கனமான கல்லு. சூளைய அணைச்சபொறவும் அது சூட்டை விடாது. தட்டோட நடுவயிறு அடுப்பு மேல, ஓரம் காத்துல. என்ன ஆகும்? அதேன், மூணு சின்ன மண் உருண்டை வச்சுத் தூக்கி வையி. எங்க தட்டோட்ட நாங்க படுக்க வச்சதே இல்ல. நிக்க வச்சு அடுக்குவோம், சோடி சோடியா, நடுவுல விரக்கடை விட்டு. செங்கக் காளவாசல்லயும் பாரு, கல்லு நின்னுக்கிட்டுத்தேன் வேகும்.

கொண்டா உன் தட்டை. என் கண்ணாடி எங்க? இந்தா.

பாரு. இந்த விரிசல் ஓரத்துல அகலமா இருக்கு, நடுவுக்குப் போகப்போக மயிரிழை. பச்சைப் பூச்சு பூசியிருக்கேல்ல, அந்தப் பூச்சு விரிசல் வாய்க்குள்ள எறங்கி உதடு மாதிரி உருண்டு நிக்குது. விரலை வையி. கீறுதா? கீறல. அப்ப இது பூச்சு உருகுறதுக்கு முன்னாடியே இருந்த விரிசல். பூச்சு அதைப் பார்த்துட்டுத்தேன் உருகியிருக்கு. ஓரத்துலருந்து வந்ததால காய வச்சப்பவே வந்ததுன்னு நான் சொல்றேன். இதே விரிசல் பூச்சோட சேர்ந்து கத்தியால அறுத்த மாதிரி கூரா இருந்து, விரலைக் கீறுச்சுன்னா? அது ஆறுறப்ப வந்தது. சூளைய எத்தனை மணிக்குத் தொறந்தன்னு கேப்பேன். நீ எதுக்கும் சூளைத் தப்புன்னு மீட்டர்க்காரனுக்குப் போன் போட்டிருப்ப. போட்டியா? போட்டிருக்க!

விரிசல்ல மண்ணைக் குழைச்சு அப்பித் திரும்பச் சுடலாமான்னு கேக்க வாய் எடுக்குற, தெரியுது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமாப்பு? ஒட்டாதுன்னு ஊரு பூரா கல்யாணப் பேச்சுல சொல்லுறாக. தட்டு விசயத்துல மட்டும் மறந்துருது.

சின்னமனூர்ப் பய என்ன ஆனான்னு சொல்லலையே. ரெண்டாவது தடவை என்னைய மோட்டார் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனான். மண்ணு நான் சொன்ன கம்மா மண்ணு. பொடி அவங்க பழைய வீட்டு ஓட்டுப் பொடி. பத்து நா காயப் போட்டோம். 12 தட்டுல 10 அவன் செஞ்சது, ரெண்டு என் கையால. சும்மா, கை மறந்துருச்சான்னு பார்க்க. சுட்டு அணைச்சாச்சு. மீட்டர்ல 300 காட்டுது. பய செல்போனைத் தூக்கிக்கிட்டுச் சூளைக் கதவுக்கிட்டப் போறான். எதுக்கு? தொறக்குறத வீடியோ எடுத்துப் போடணுமாம். சுடச்சுடத் தொறந்தாத்தேன் சனம் பார்க்குமாம். குயவனுக்கு ஆறு மாசம், தடிகாரனுக்கு அரை நாழிகைம்பாக. இப்பத் தடிகூட வேணாம், செல்போன் போதும். கதவுக்கு முன்னாடி நாற்காலியப் போட்டு நான் உக்காந்துட்டேன். கம்பைக் குறுக்க வச்சுக்கிட்டேன். ராத்திரிச் சாப்பாடு அங்கயே வந்துச்சு. நல்ல கோழிக்கொழம்பு. அவங்காத்தா கைப்பக்குவம். மறுநா மத்தியானம் கதவைத் தொட்டேன், வெறுங்கையில பொறுக்குற சூடு. இப்பத் தொறன்னேன்.

தட்டித் தட்டிப் பார்த்தான். ணங். ணங். ணங். பயலோட மூஞ்சியப் பார்க்கணுமே. பதினொண்ணு ணங்குனுச்சு. ஒண்ணு மட்டும் டொக்குன்னுச்சு. தூக்கிப் பார்த்தேன். அடியில என் பெருவிரல் ரேகை.

அவன் அந்தப் பக்கம் திரும்பி வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான். துண்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்துட்டேன். அந்தா, கோழிக்குத் தண்ணி வச்சிருக்கேனே, அதுக்கு மூடி அதுதேன். சின்னமனூரு வழியாப் போனா வாயத் தொறந்துறாத. சரி, வெத்தலை இருக்கா?